விழவில்லை, படுத்தேன்

என்றும் அன்புக்குரிய உமக்கு,

முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். பங்கு மண்டபத்தில் படம் பார்த்துக்கொண்டிருந்தபோது மிஸ்ஸி கதிரையிலிருந்து விழுந்துவிட்டா என்று ஊரில் கதைக்கிறார்கள். பயத்தில் விழுந்தேன் என்று ஒரு பகுதியார் சொல்கிறார்கள். நீர் போன பிறகு எனக்கு நரம்புத் தளர்ச்சி வந்துவிட்டதாம், அதனால் விழுந்தேனாம் என்கிறார்கள் மற்றவர்கள். இரண்டும் பிழை. நான் விழவில்லை, படுத்தேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உம்மைவிட நன்றாக இந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அதனால்தான் உமக்கு எழுதுகிறேன்.

இடது முழங்கை சற்றுக் கன்றியிருக்கிறது. அதற்கு யூக்கலிப்டஸ் எண்ணெய் பூசினேன். உம்முடைய போத்தல்தான். மூடியைத் திறந்ததும் அறை முழுக்க நீர் வந்துவிட்டீர். உமக்குத் தலையிடிக்கும் அதுதான், தடிமனுக்கும் அதுதான், நுளம்புக்கும் அதுதான். நான் ஆஸ்பத்திரியில் வேலை செய்து ஓய்வுபெற்ற தாதி. எத்தனையோ தடவை உம்மைக் கண்டித்திருக்கிறேன். நீர் என்ன சொல்வீர்? "மருந்து எண்டால் மணக்க வேணும், மிஸ்ஸி. மணக்காத மருந்தை நான் என்னெண்டு நம்புறது?" ஊரார் மரியாதைக்குக் கூப்பிட்ட அந்த 'மிஸ்ஸி'யை நீர் மட்டும் கேலிக்குக் கூப்பிட்டீர். கன்னியர் மடத்து விடுதியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்தவர்கள் நாங்கள். 'நீ' என்று ஒருவரையொருவர் கூப்பிட மடத்து அம்மா விடவில்லை. கடைசிவரை அந்த 'நீர்' நமக்குள் மாறவில்லை. மற்றதெல்லாம் மாறிற்று. நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன், நீர் வள்ளங்கள் வைத்திருந்த சம்மாட்டி வீட்டுக்கு மருமகளாகிக் கருவாட்டு வியாபாரம் பார்த்தீர். பிறகு இருவரும் விதவைகளானோம், ஒரே பதுங்குகுழியில் ஒதுங்கினோம், ஒரே லொறியில் மடு மாதா கோயிலுக்கு அகதிகளாகப் போனோம், ஒரே நாளில் ஊருக்குத் திரும்பினோம்.

அந்தப் படத்தை நாங்கள் இருவரும் முதலில் பார்த்த மாலை நினைவிருக்கிறதா? ஊருக்கு அப்போது மின்சாரம் வரவில்லை. பங்கு மண்டபத்துக்குப் புதுத் தகரம் போட்டிருந்தார்கள், கதவு போடவில்லை. பங்குச் சுவாமி தன் மடிக்கணினியையும் எங்கோ இரவல் வாங்கிய படமெறியும் கருவியையும் கொண்டுவந்தார். திரைக்கு என் வெள்ளைப் படுக்கை விரிப்பு. சுருக்கம் இருந்தால் வெள்ளைக்காரரின் மூக்கெல்லாம் கோணலாகத் தெரியும் என்று நானே கரி போட்டு ஸ்திரிக்கை பண்ணிக் கொடுத்தேன். "படம் தொடங்க முதலே மூக்கில பிழை பிடிக்கிறீர்" என்று சொல்லிக்கொண்டு என் இடப்பக்கக் கதிரையில் வந்து இருந்தீர். எப்போதும் என் இடப்பக்கம்தான். ஷெல் ஒன்று உமது இடது காதைக் கெடுத்த நாளிலிருந்து, நான் சொல்வது கேட்கவேண்டும் என்று வலது காதை என் பக்கம் வைத்துக்கொண்டீர். இருந்தாலும் அப்படி, நடந்தாலும் அப்படி, படுத்தாலும் அப்படி.

படத்தில், உளவு வேலை பார்த்து ஓய்வுபெற்ற நால்வர் ஒரு கடற்கரை விடுதியில் கூடுகிறார்கள். இளமையில் அவர்கள் புதைத்து வைத்த ஒரு பெட்டியை இப்போது வேறு யாரோ தேடுகிறார்கள். நால்வரில் ஒருவர் மற்ற மூவரையும் காட்டிக் கொடுத்துவிட்டார். அது யார் என்பதுதான் கதை. கழுத்துப்பட்டி கட்டிய கனவான் ஒருவர், காது கேளாத மொட்டைத்தலையர் ஒருவர், எந்நேரமும் சாப்பிட்டுக்கொண்டிருந்த பருத்த மனிதர் ஒருவர், ஊன்றுகோலுடன் புறாக்களுக்குத் தீனி போட்ட ஓர் அம்மா. எல்லாருக்கும் இந்தியத் தமிழில் குரல் கொடுத்திருந்தார்கள். அந்த அம்மா துப்பாக்கியை நீட்டிக்கொண்டு, "டேய், கையைத் தூக்குடா" என்றபோது நீர் என் தோளில் அடித்துச் சிரித்தீர். எனக்கு அந்தத் தமிழ் பிடிக்கவில்லை. ஆனால் படம் பிடித்திருந்தது. அதை நான் ஒருவருக்கும் மறைக்கவில்லை. எதிரிகள் துரத்தும்போது அந்த அம்மா ஓட்டத்தை நிறுத்தி, கைப்பையைத் திறந்து, பிரஷர் குளிசையைப் போட்டுக்கொண்டு பிறகு ஓடினா பாரும், அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்தது. மதிலேறிக் குதிக்கப் போன இரண்டு ஆண்களும் ஏற முடியாமல், சுற்றிப் போய் வாசல் மணியை அடித்து உள்ளே போனார்கள். அதுவும் புத்தியான வேலை.

பெட்டியைத் தேடிய காட்சிதான் உமக்கு. தென்னைக்குத் தெற்கே என்று ஒருவர், இல்லை, கிழக்கே என்று மற்றவர், மூன்றாமவர் எந்தத் தென்னை என்று கேட்க, மூன்று இடத்தில் கிண்டியும் பெட்டி வரவில்லை. மண்டபத்தில் எல்லாருக்கும் கேட்கத்தக்கதாக நீர் சொன்னீர்:

"மூண்டு இடத்தில கிண்டினதுக்கே இவ்வளவு சனம் காசு குடுத்துப் பார்க்குதெண்டால், நான் வளவு முழுக்கக் கிண்டினனான், எனக்கு ஆர் படம் எடுத்தவை?"

மண்டபமே சிரித்தது. ஊரை விட்டு ஓடும்போது நீர் தையல் மெஷினைச் சாக்கில் சுற்றி மூன்றாவது பனைக்குக் கீழே புதைத்ததும், திரும்பி வந்தபோது ஷெல்லடியில் எந்தப் பனைக்கும் தலை இல்லாததால் மூன்றாவது எது என்று தெரியாமல் தவித்ததும் எல்லாருக்கும் தெரிந்த கதை. மெஷின் கிடைக்கவில்லை. கிண்டிய குழிகளில் கத்தரி நட்டீர், நன்றாகக் காய்த்தது.

அதற்குப் பிறகுதான் ஹெலி வந்தது.

படத்தில் வந்த ஹெலிகொப்டரைச் சொல்கிறேன். முதலில் சத்தம் மட்டும், தூரத்தில். சுவாமி ஒலிபெருக்கியைக் கூட்டி வைத்திருந்தார். ஆளைக் காண முன்பே அந்தச் சத்தம் நம்முடைய வயிற்றுக்குள் வந்துவிட்டது. திரையில் விடுதியின் கூரை பறந்தபோது மண்டபத்தில் கதிரையில் ஒருவரும் இல்லை. எல்லாரும் நிலத்தில். கூக்குரல் இல்லை, ஆளை ஆள் மிதிக்கவில்லை, ஒரு கதிரைகூடப் புரளவில்லை. சுவாமி மட்டும் மடிக்கணினிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் போர் காணாத தெற்கே படித்து வளர்ந்தவர், பாவம். தன் முன்னால் ஊர் முழுவதும் குப்புறக் கிடப்பதைக் கண்டு அவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

நான் படுத்த மாதிரியை எனக்குத் தெரியும். வயிறு நிலத்தில், முழங்கைகள் ஊன்றி, நெஞ்சு நிலத்தில் முட்டாமல், விரல்கள் காதில், வாய் திறந்து. இடப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். நீரும் அப்படியே. உமது வாய் எப்போதும் திறந்துதானே இருக்கும், அதற்குத் தனிப் பயிற்சி வேண்டியதில்லை என்று பதுங்குகுழிக் காலத்தில் நான் சொன்னதுண்டு. அந்தத் திறந்த வாயால் என்ன சொன்னீர்?

"மிஸ்ஸி, உம்மட சேலை முழங்கால் வரைக்கும் ஏறிப்போச்சு. இழுத்து விடும்."

பிறகு சிரிக்கத் தொடங்கினீர். நீர் சிரித்ததைக் கண்டு நான், என்னைக் கண்டு பக்கத்து வளவு றெஜினா, அவளைக் கண்டு அவளுடைய மாமியார். நிலத்தில் கிடந்தபடியே மண்டபம் குலுங்கியது. சுவாமி படத்தை நிறுத்திவிட்டு, "என்னை மன்னிக்க வேணும், நான் யோசிக்கேல்லை, மன்னிக்க வேணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நீர் தலையை மட்டும் தூக்கினீர்.

"சுவாமி, படத்தைப் போடுங்கோ. எங்களுக்கு ஒண்டுமில்லை. ஆனா அந்தப் புறாக்கார மனுசி இன்னும் நிண்டுகொண்டு ஓடுறா. அவவைப் படுக்கச் சொல்லுங்கோ. ஹெலி வாற நேரம் ஆரும் நிமிர்ந்து ஓடுவினமே? அவவுக்கு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்லையோ?"

அது உண்மை. அந்த நால்வரும் பெரிய உளவாளிகளாம். நிமிர்ந்துகொண்டு ஓடினார்கள், வெட்டவெளியில் ஓடினார்கள், ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டு ஓடினார்கள். எங்கள் கரைக்கு வந்திருந்தால் ஓய்வுபெறும் வயதுவரை இருந்திருக்க மாட்டார்கள். நாங்கள் இருந்தோம். எழும்பிச் சேலையைத் தட்டிக்கொண்டு கதிரையில் இருந்தபோது எனக்கு வெட்கமாக இல்லை. நெஞ்சு நிமிர்ந்திருந்தது. படத்தில் ஓடியவர்களுக்குப் பதிலாக விழுந்தெழும்ப வேறு ஆள் வைத்திருப்பார்கள். எங்களுக்குப் பதிலாக ஒருவரும் வந்து படுக்கவில்லை. எல்லாம் நாங்களே படுத்தோம், நாங்களே எழும்பினோம்.

பாதிப் படத்தில் ஜெனரேற்றரின் எண்ணெய் முடிந்தது. துரோகி யார் என்று தெரியாமல் வீட்டுக்குப் போனோம். கழுத்துப்பட்டிக் கனவான்தான் என்று நான் சொன்னேன், அளவுக்கு மிஞ்சிய பணிவு நல்லதற்கல்ல. பருத்தவன்தான் என்று நீர் சொன்னீர், சாப்பாட்டில் அவ்வளவு ஆசைப்படுகிறவன் எதையும் விற்பான் என்று. வழி முழுக்கச் சண்டை. ஆனால் சுவாமி மற்றப் பாதியைப் போடவேயில்லை. சனத்தின் காயத்தைக் கிளறிவிட்டேன் என்று அவருக்கு ஒரே துக்கம். படம் இருந்த இறுவட்டைத் தான் தங்கும் மீசாமின் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். நீர் கோயில் வாசலில் அவரை மறித்துக் கேட்டீர்: "படம் வேண்டாம் சுவாமி. துரோகி ஆர் எண்டதை மட்டும் சொல்லுங்கோ." அவரோ, "நானும் முழுக்கப் பார்க்கேல்லை, அம்மா" என்றார்.

பிறகு உமக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. பாலம் கடந்து மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நான் உமது கட்டிலின் வலப்பக்கம் கதிரை போட்டு இருந்தேன். ஒக்சிசன் குழாயைக் கையால் விலக்கிக்கொண்டு நீர் சொன்னது உமது சுகத்தைப் பற்றியல்ல.

"மிஸ்ஸி, நான் ஆளை மாத்திட்டன். பருத்தவன் இல்லை."

"அப்ப ஆர்?"

"சொல்லமாட்டன். இப்ப சொன்னால் நீர் திருத்துவீர். மிச்சப் பாதியையும் பார்ப்பம், அப்ப சொல்லுறன்."

குழாயைத் திரும்ப மூக்கில் வைத்துவிட்டேன். அதுதான் எனக்கு நீர் சொன்ன கடைசி வார்த்தை. வேறு யாராவது ஆசீர்வாதம் சொல்லியிருப்பார்கள். நீர் ஒரு பந்தயத்தை முடிக்காமல் விட்டுப் போனீர். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. கடைசிவரை முன்னோக்கிப் பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தியின் சிநேகிதி நான் என்று எங்கும் சொல்வேன்.

உமது ஆண்டுத் திருப்பலி முடிந்ததும் சுவாமி கேட்டார், "அவவின்ர நினைவாய் ஏதேனும் செய்ய விருப்பமோ, மிஸ்ஸி?" என்று. நான் யோசிக்கவில்லை. "அலுமாரியில் இருக்கிற மற்றப் பாதியைப் போடுங்கோ" என்றேன். அதற்கே சிலர் முகம் சுளித்தார்கள். இறந்தவருக்குச் செபமாலை சொல்வார்கள், அன்னதானம் கொடுப்பார்கள், வெடிப்படம் போடுவார்களா என்று. செபமாலையும் சொல்லியாயிற்று, சாப்பாடும் கொடுத்தாயிற்று, இது மிச்சம் என்று பதில் சொன்னேன்.

அதே விரிப்பை ஸ்திரிக்கை பண்ணிக் கொடுத்தேன். முன்வரிசையில் இருந்தேன். இடப்பக்கக் கதிரையில் றெஜினா வந்து இருக்கப் பார்த்தாள். "அதில ஆள் இருக்கு" என்றேன். அவள் கதிரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பின்வரிசைக்குப் போனாள். எனக்குத் தளர்ச்சி என்ற கதை அங்கேதான் பிறந்திருக்க வேண்டும்.

மற்றப் பாதியிலும் ஹெலி வருகிறது. சுவாமி இந்த முறை கவனமாக இருந்தார். தானே முன்கூட்டிப் பார்த்துவிட்டு, அந்த இடத்துக்குச் சற்று முன் எழும்பி, "இப்ப பெரிய சத்தம் ஒண்டு வரும், ஒருவரும் பயப்பட வேண்டாம், இது படம்தான்" என்று அறிவித்தார். மற்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டு கதிரையிலேயே இருந்தார்கள். அவர்கள் இஷ்டம். அறிவித்துவிட்டு வந்த குண்டு ஒன்றையும் என் ஆயுளில் நான் கண்டதில்லை. நான் படுத்தேன்.

"ஐயோ, மிஸ்ஸி விழுந்திட்டா!" என்று றெஜினா கத்தினாள். தூக்க வந்தார்கள், தண்ணீர் தெளித்தார்கள், என்னுடைய நாடியை எனக்கே பிடித்துப் பார்த்தார்கள். "பிள்ளையள், கையை எடுங்கோ, நான் படுத்தனான்" என்றேன். "ஓம் ஓம், படுத்தனீங்கள்தான், எழும்பாதேங்கோ" என்றார்கள், குழந்தைக்குச் சொல்வதுபோல். அடுத்த நாள் காலையில் கொழும்பிலிருந்து மகள் வந்து நின்றாள். யாரோ தொலைபேசியில் சொல்லியிருந்தார்கள். வரும்போதே வெறும் பெட்டி ஒன்றும் கொண்டுவந்தாள், என் உடுப்புகளைப் போட.

இதுதான் விஷயம். என்னைக் கொழும்புக்குக் கொண்டுபோய் மாடி வீட்டில் வைக்கப்போகிறாள். இந்த வீடு, உமது வளவுக் கத்தரி, நான் பூ வைக்கும் உமது கல்லறை, எல்லாவற்றையும் ஒரு 'விழுந்திட்டா' என்ற சொல்லுக்காக விட்டுவிட்டுப் போகவேண்டும். எத்தனையோ தடவை இந்த ஊரை விட்டு ஓடியிருக்கிறேன். ஷெல்லுக்கு ஓடினேன். றெஜினாவின் வாய்க்கு ஓடமாட்டேன்.

மகளை இருக்கச் சொல்லி, ஆதாரங்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். வேலைக்காலம் முழுக்க விழுந்தவர்களைத் தூக்கியவள் நான். விழுந்தவர் எப்படிக் கிடப்பார் என்று எனக்குத் தெரியும். விழுந்தவரின் கதிரை புரண்டு கிடக்கும், என்னுடையது நின்றது. விழுந்தவரின் மூக்குக்கண்ணாடி எங்காவது தெறித்திருக்கும், என்னுடையது மடித்தபடி கையில் இருந்தது. இடப்பக்கக் கதிரையைக்கூடத் தள்ளி வைத்துவிட்டே படுத்தேன், உமக்கு இடம் வேண்டுமே. விழுகிறவள் பக்கத்தில் ஆளுக்கு இடம் விட்டா விழுவாள்?

"அம்மா, அதுதானே எனக்குப் பயமாயிருக்கு" என்றாள் மகள். "இல்லாத ஆளுக்கு இடம் விடுறீங்கள்."

நான் வாதாடவில்லை. சுவாமியிடம் ஆள் அனுப்பி இறுவட்டை எடுப்பித்தேன். "உன்ர கணினியில போடு. ஒருக்கால் பார். பிறகும் பெட்டி அடுக்க வேணுமெண்டால் நானே மடிச்சுத் தாறன்" என்றேன். பாயில் இருந்து பார்த்தோம். புறாக்கார அம்மா ஊன்றுகோலால் ஒருவனைக் கவிழ்த்தபோது மகள் சிரித்தாள். ஐந்தாம் மாடியில் குடியிருந்து கந்தோருக்கும் வீட்டுக்குமாக ஓடுகிறவள், எவ்வளவு காலத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரிக்கிறாளோ தெரியாது. ஹெலி வரும் இடத்தை நான் அறிவிக்கவில்லை. சத்தத்தை மட்டும் கூட்டி வைத்தேன்.

கூரை பறந்தபோது நான் படுத்தேன். தலையைத் திருப்பினால், மகள் எனக்கு முதலே படுத்திருந்தாள். முழங்கை ஊன்றி, நெஞ்சைத் தூக்கி, வாயைத் திறந்து, எல்லாம் சரியாக. சின்னப் பிள்ளையாய் இருந்தபோது என் வலக்கைக்குக் கீழே பழகியது. கொழும்புக்குப் போய் அத்தனை வருஷம், ஒன்றையும் மறக்கவில்லை.

"என்ன பிள்ளை, விழுந்திட்டியோ?" என்று கேட்டேன்.

அவள் தன் ஊன்றிய முழங்கைகளைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "இல்லையம்மா. படுத்தனான்" என்றாள்.

"அப்ப சரி. விழுற ஆக்களைத் தனிய விடக்கூடாதெண்டால், உன்னை நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் வந்தது. ஆனால் ஒரு பிழை விட்டிருந்தாள். என் இடப்பக்கத்தில் படுத்திருந்தாள். "அந்தப் பக்கம் ஆள் இருக்கு. உன்ர இடம் இஞ்சால" என்றேன். என் மகள், வங்கியில் பெரிய வேலை பார்க்கிறவள், ஒரு சொல் மறுத்துச் சொல்லாமல் என் தலைமாட்டைச் சுற்றித் தவழ்ந்து வலப்பக்கம் வந்து படுத்தாள். உமது இடம் அப்படியே இருந்தது. அங்கே கிடந்தபடியே மிச்சப் படத்தையும் பார்த்து முடித்தோம்.

வெறும் பெட்டியைத்தான் திரும்பக் கொண்டுபோனாள். இல்லை, வெறுமை என்று சொல்லக்கூடாது, உமது வளவுக் கத்தரிக்காய் நிறையப் போட்டுவிட்டேன். போகமுதல் றெஜினாவிடம் போய், "அம்மா விழேல்லை அக்கா, படுத்தவ" என்று தானே சொல்லிவிட்டுப் போனாள். றெஜினா நம்பினாளோ தெரியாது. ஊர் இன்னும் கதைக்கிறது. நான் இங்கேதான் இருக்கிறேன்.

நானும் நீரும் ஓய்வுபெற்றவர்கள். எங்களுக்கு வேலை கொடுத்தவர்கள் யார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் வேலையைச் சரியாகச் செய்தோம். என் உடம்பில் அது இருக்கிறது, மகளின் உடம்பிலும் இருக்கிறது. நான் எங்கே இருந்தாலும் இடப்பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டே இருக்கிறேன். அதை மாற்றும் எண்ணம் எனக்கு இல்லை.

இப்போது துரோகியின் விஷயம். யார் என்று எனக்குத் தெரியும். கழுத்துப்பட்டிக் கனவான் அல்ல. என் விடை பிழை. மற்றவர்கள் உமக்குச் சொல்ல முன் நானே சொல்லிவிடுகிறேன். பருத்தவனும் அல்ல. மிஞ்சிய இருவரில் யார் என்பதை இங்கே எழுதமாட்டேன். எழுதினால், "நானும் அவரைத்தானே நினைச்சனான்" என்பீர். உம்மை எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீர் மாற்றிய ஆள் யார்? கனவில் வந்து சொல்ல வேண்டாம், விடிந்ததும் எனக்கு மறந்துவிடும். பெயர் தெரியாவிட்டால் மொட்டைத்தலையர் என்றோ புறாக்காரி என்றோ போட்டால் போதும். தயவுசெய்து எழுத்தில் பதில் அனுப்பும்.